இ20 பெட்ரோலும் மைலேஜும்: சேலம், ஏற்காடு வாகன ஓட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் இன்று சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் கிடைப்பது, கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயமான எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல்தான். அது வந்த பிறகு மைலேஜ் ஒன்றும் குறையவில்லை என்று சிலரும், கால்வாசி போய்விட்டது என்று சிலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. குறைவது எவ்வளவு, அதில் எத்தனாலின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் வண்டிக்காரருக்கு அதனால் பயன் உண்டு. இங்கே தொகுத்துள்ள பதில்கள் அதற்காகவே எழுதப்பட்டவை.

எத்தனால் கலப்பதால் மைலேஜ் உண்மையிலேயே குறைகிறதா?

ஆம், குறைகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது ஏறத்தாழ 21 மெகாஜூல் மட்டுமே. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக இருக்கும் அந்த ஆக்சிஜன் எரிந்து வெப்பம் தருவதில்லை. ஆகவே 80 பங்கு பெட்ரோலும் 20 பங்கு எத்தனாலும் சேர்ந்த ஒரு லிட்டரில் ஏறத்தாழ 29.8 மெகாஜூல்தான் இருக்கும். எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான இழப்பு. இது எரிபொருளின் இயல்பு. எந்த நிறுவனத்தின் பெட்ரோலாக இருந்தாலும், எந்த பெட்ரோல் பங்கில் போட்டாலும் மாறாது.

அப்படியானால் என் வண்டியிலும் ஏழு சதவீதம் குறைந்திருக்க வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை, காரணம், நீங்கள் எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. இந்தியா 2022 ஜூன் மாதத்திலேயே பத்து சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் முறைப்படி அறிமுகம் செய்யப்பட்டு, படிப்படியாக நாடு முழுவதும் பரவியது. அதனால் 'முன்பு' என்று நாம் நினைவில் வைத்திருக்கும் மைலேஜ், பெரும்பாலும் பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கிடைத்ததுதான். பத்திலிருந்து இருபதுக்குப் போகும்போது ஆற்றல் குறைவது சுமார் மூன்றரை சதவீதம்.

மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு, பத்து சதவீதக் கலப்புக்கு ட்யூன் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், பத்து சதவீதக் கலப்புக்கு வடிவமைத்து இருபதுக்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் என்று அது எதிர்பார்ப்புகளைத் தனித்தனியாகக் கொடுத்திருந்தது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலும், இ20க்கு ஏற்ற கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம், மற்ற வண்டிகளுக்கு 3 முதல் 6 சதவீதம் என்றே இருந்தது. நாம் மேலே போட்ட ஆற்றல் கணக்கும் இந்த எண்களுக்கு அருகிலேயே நிற்கிறது.

என் பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தந்தது, இப்போது 40தான் தருகிறது. இதற்கு எத்தனால்தானே காரணம்?

ஐம்பது நாற்பதாவது என்றால் 20 சதவீத இழப்பு. ஒரு லிட்டர் இ20 பெட்ரோலில் எத்தனாலே 20 சதவீதம்தான் இருக்கிறது. அந்த எத்தனால் துளியும் வெப்பம் தராத பொருள் என்று வைத்துக்கொண்டால்கூட இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டாது. அதுவோ பெட்ரோல் தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. ஆகவே இத்தனை பெரிய வீழ்ச்சியை எரிபொருளின் ஆற்றல் குறைவு மட்டும் உண்டாக்க முடியாது.

ஆனால் எத்தனால் மறைமுகமாக வேறு குறைகளைத் தூண்டக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியின் டேங்கிலும் குழாயிலும் படிந்திருக்கும் பிசினையும் துருவையும் எத்தனால் கரைத்தோ பெயர்த்தோ விடும். அவை ஃபில்டரிலும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டிலும் வந்து அடைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் ஊறிப் பருத்து, பிறகு வெடிப்பு விட்டுக் கசியலாம். இ20க்கு மாறிய சில வாரங்களில் வண்டி திணறத் தொடங்கினால் முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். அதன்பின் ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், எப்போதும் பார்க்க வேண்டிய இடங்களைப் பார்க்க வேண்டியதுதான்: டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக், செயின் தொய்வு. ஐந்து ரோட்டிலும் நாலு ரோட்டிலும் தினமும் சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கும், கொண்டலாம்பட்டி பைபாஸில் சீராக ஓடும் வண்டிக்கும் உள்ள மைலேஜ் வித்தியாசம், எத்தனாலால் வரும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

மைலேஜைச் சரியாக அளப்பது எப்படி?

இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் மைலேஜ் இந்த விஷயத்துக்கு உதவாது. நாம் கண்டுபிடிக்க நினைப்பது மூன்று, நான்கு சதவீத வித்தியாசம்; முள்ளோ அதைக் காட்டும் அளவுக்கு நுட்பமானது அல்ல.

டேங்கை நிரப்பச் சொல்லி, நாசில் தானாக முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுங்கள். 'ரவுண்டாகப் போடுகிறேன்' என்று மேற்கொண்டு அழுத்த விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். டேங்கில் பாதிக்கு மேல் தீரும்வரை வழக்கமான பாதையில் ஓட்டிய பிறகு, அதே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், அதே முறையில் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.

ஒரு முறை அளந்தது போதாது. ஐந்து லிட்டர் நிரப்பும் பைக்கில் 300 மில்லி லிட்டர் கூடவோ குறையவோ போய்விட்டால் அதுவே ஆறு சதவீதப் பிழை. நாம் தேடும் வித்தியாசத்தைவிட அது பெரியது. தொடர்ந்து மூன்று, நான்கு முறை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் இந்தப் பிழை பெருமளவு கரைந்துவிடும். ஏற்காட்டுக்குப் போய்வந்த டேங்கையும் சேலத்துக்குள் ஓடிய டேங்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். அளவில் சந்தேகம் இருந்தால், பங்கிலேயே வைத்திருக்கும் ஐந்து லிட்டர் அளவைக் கலனில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

ஏற்காடு மலை ஏறும்போது இ20 எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளின் வழியாக வண்டி ஏறுவது ஏறத்தாழ 1,200 மீட்டர். நான்கு பேரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 16.5 மெகாஜூல் தேவை. எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், 66 மெகாஜூல் எரிய வேண்டும்.

எத்தனால் இல்லாத பெட்ரோலாக இருந்தால் இதற்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேலாகும். இ20 என்றால் 2.2 லிட்டர் ஆகும். வித்தியாசம் சுமார் 150 மில்லி லிட்டர். டயரின் உருள் தடையும் காற்றின் தடையும் சேர்ந்தால் இரண்டு எண்களுமே கூடும் என்றாலும், அவற்றின் விகிதம் மாறாது. மலையேற்றத்தில் மைலேஜ் பாதியாகக் குறைவது எடையைத் தூக்குவதால்; எத்தனால் அதன்மேல் சேர்ப்பது சிறு பங்குதான்.

இறங்கும்போது எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் சிலர் நியூட்ரலில் விட்டு இறக்குகிறார்கள். அது ஆபத்து, பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதில் மிச்சமும் இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் அளிப்பு முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் ஐட்லிங்குக்காவது பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்.

மலைமேல் வண்டிக்கு இழுவை குறைகிறதே, அது இ20ஆல்தானா?

முதன்மையான காரணம் காற்று. ஏற்காட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே உள்ளிழுக்கும். சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். எத்தனால் இல்லாத காலத்திலும் இப்படித்தான் இருந்தது.

இங்கே கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றிக் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 கிலோ போதும்; இ20க்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது அதே காற்றுக்கு இ20 சுமார் ஒன்பது சதவீதம் கூடுதலாக ஊற்றப்பட வேண்டும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு இது தெரியாது. அது பழைய அளவையே ஊற்றும். ஆகவே சமவெளியில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்து, காலையில் தடுமாற்றம், திடீரென்று முறுக்கினால் திணறல், கூடுதல் சூடு என்று வெளிப்படும். உயரத்திலோ நிலைமை தலைகீழ். காற்று மெலிவதால் சமவெளிக்கு வைத்த ஜெட் ஏழெட்டு சதவீதம் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். இரண்டும் எதிரெதிராக இழுத்து ஏறத்தாழச் சமன் ஆகிவிடுகின்றன. அதனால்தான் மலையடிவாரத்துக் கோரிமேட்டில் திணறிய பழைய பைக் ஏற்காடு ஏரியருகே சீராக ஓடக்கூடும். இதைப் பார்த்துவிட்டு, மலையில் ட்யூன் செய்து சமவெளிக்குக் கொண்டுவரக் கூடாது. எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கேயே ஜெட்டைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்தக் கவலை குறைவு. சைலன்சர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் தானே சரிசெய்துகொள்ளும். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த, பி.எஸ். 6 என்னும் புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள் பெரும்பாலும் இந்த வகையே.

குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாவது ஏன்?

எரிபொருள் ஆவியானால்தான் எஞ்சினில் தீப்பற்றும்; எத்தனால் ஆவியாவதற்கோ பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் தேவை. மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் இது நன்றாகவே தெரியும். எஞ்சின் சூடேறும்வரை கலவை தடிமனாக, அதாவது பெட்ரோல் மிகுந்து, இருக்க வேண்டியிருப்பதால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஒரு கிலோமீட்டர் போய் நின்று, ஆறிய பிறகு மறுபடியும் எடுக்கும் வண்டிக்கு இந்த இழப்பு பெரிது. சிறு வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பது உதவும்.

இ20இன் ஆக்டேன் எண் அதிகம் என்கிறார்களே, அதனால் மைலேஜ் கூடாதா?

ஆக்டேன் எண் என்பது தட்டொலி எழாமல் எரிபொருள் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதன் அளவு. எத்தனாலுக்கு அது சுமார் 108; நம் நாட்டுச் சாதாரண பெட்ரோல் 91ஆக இருந்தது, இ20இல் அது 95 அளவுக்கு உயர்கிறது. அமுக்க விகிதம் (எஞ்சினுக்குள் கலவை நெருக்கப்படும் அளவு) கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளி வடிவமைத்த எஞ்சின் இந்தத் தாங்குதிறனைப் பயன்படுத்திக்கொண்டு, இழந்த மைலேஜில் ஒரு பகுதியை மீட்டுவிடும். புதிய கார்களுக்கு இழப்பு 1 முதல் 2 சதவீதமே என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான். பத்து ஆண்டுக்கு முந்தைய ஸ்கூட்டரின் அமுக்க விகிதமும் தீப்பொறி நேரமும் எரிபொருளுக்கு ஏற்ப மாறாதவை. அதற்கு உயர்ந்த ஆக்டேனால் பயன் கிடையாது. அதே காரணத்தால், கூடுதல் விலை கொடுத்து உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுவதாலும் அந்த ஸ்கூட்டரின் மைலேஜ் கூடாது.

என் வண்டி இ20க்கு ஏற்றதா என்று எப்படி அறிவது?

உரிமையாளர் கையேட்டையும், பெட்ரோல் மூடிக்கு அருகே உள்ள ஸ்டிக்கரையும் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல், இ20ஐத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுடன் வண்டிகள் வரத் தொடங்கின. எஞ்சினையே இ20க்கு ட்யூன் செய்து தருவது அதற்கும் பிறகு. 'தாங்கும்' என்பதும் 'அதற்கென ட்யூன் செய்தது' என்பதும் வேறு வேறு. முதலாவது, இ20ஆல் பாகங்கள் பழுதாகாது என்பதற்கான உறுதி. இரண்டாவதில்தான் மைலேஜ் இழப்பு குறையும். வாங்கும்போது விற்பனையாளரிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

இதனால் எனக்கு மாதம் எவ்வளவு கூடுதல் செலவு? விலையில் குறைத்திருக்க வேண்டாமா?

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், 50 தரும் பைக்கில் நான்கு சதவீதம் குறைந்தால் கூடுதலாக 800 மில்லி லிட்டருக்குச் சற்று மேல் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் சுமார் 83 ரூபாய். லிட்டருக்கு 15 தரும் கார் ஐந்து சதவீதம் இழந்தால் அதே தூரத்துக்குச் சுமார் 350 ரூபாய். வாடகை ஆட்டோ, டாக்ஸி ஓட்டுபவருக்கு இது இன்னும் கூடும்.

விலையைப் பொறுத்தவரை வாடிக்கையாளரின் மனக்குறை நியாயமானது என்பதே எங்கள் கருத்து. குறைந்த வெப்பம் தரும் எரிபொருளை அதே விலைக்கு வாங்குகிறோம். 2021ஆம் ஆண்டு நிதி ஆயோக் அறிக்கையே, இந்த இழப்பை ஈடுசெய்யக் கலப்பு எரிபொருளுக்கு வரிச்சலுகை தருவதைப் பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அரசின் பதில், எத்தனாலின் கொள்முதல் விலையே இப்போது ஏறிவிட்டது என்பது. 2025 ஜூலை இறுதி நிலவரப்படி சராசரி கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாய் என்றும், அது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்றும் அமைச்சகம் கூறியது. கொள்முதல் செலவுக்கு அது விளக்கமாகலாம். வண்டிக்காரர் இழக்கும் கிலோமீட்டருக்கு அது ஈடாகாது.

பிரேசிலில் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் தனியாகவும் கிடைப்பதால், எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே அதைப் போடுவது லாபம் என்று ஓட்டுநர்கள் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 2003 முதல் எந்த விகிதத்திலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கார்கள் விற்பனையில் உள்ளன. இங்கே இன்னும் அத்தகைய தேர்வு சாதாரண வாடிக்கையாளரின் கைக்கு வரவில்லை.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா?

தோராயமாகப் பார்க்கலாம். 100 மில்லி லிட்டர் கோடு போட்ட கண்ணாடி அளவைக் குழாயில் 10 மில்லி லிட்டர் தண்ணீர் விட்டு, 100 கோடு வரை பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கிச் சிறிது நேரம் நிறுத்துங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். இ20 என்றால் கீழ் அடுக்கு 10 கோட்டிலிருந்து 28 கோட்டை ஒட்டி உயர்ந்திருக்கும். திறந்தவெளியில், நெருப்பும் ஸ்விட்சும் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். குழாயில் உள்ளதைத் திரும்ப டேங்கில் ஊற்றக் கூடாது.

சேலத்து மரவள்ளியிலிருந்து எத்தனால் எடுத்தால் மைலேஜ் மாறுமா?

மாறாது. கரும்புச் சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி, மரவள்ளிக் கிழங்கு என எதிலிருந்து வந்தாலும் எத்தனால் ஒரே பொருள்தான். மரவள்ளி 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையிலும் மூலப்பொருளாக இடம்பெற்றிருக்கிறது. தாய்லாந்தில் அதிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகளை மட்டுமே நம்பியிருக்கும் நம் மாவட்டத்து விவசாயிக்கு இன்னொரு வாங்குபவர் கிடைப்பாரா என்பது முக்கியமான கேள்வி. அது கிழங்கு விலையைப் பற்றிய கேள்வி. மைலேஜோடு அதற்குத் தொடர்பில்லை.

டீசல் வண்டிகளுக்கு இந்தக் கவலை உண்டா?

இல்லை. பங்கில் விற்கும் டீசலில் இந்த எத்தனால் கலப்பு கிடையாது.

எஸ்டேட்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியையும் மெஷின்களையும் எப்படி வைத்திருப்பது?

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தில், பாதி காலியான டேங்கின் உள்சுவரில் நீர் துளிர்ப்பதும் சேரும். சிறிதளவு நீரை இ20 கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது என்பதால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் நின்றுவிடும்.

வாரக்கணக்கில் நிற்கப்போகும் காரையும் பைக்கையும் டேங்க் நிறைய நிரப்பி, மூடியை இறுக்கி நிறுத்துங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும். களை வெட்டும் மெஷின், மருந்து தெளிக்கும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம் போன்றவற்றுக்கு நேர்மாறான முறை. காபி அறுவடைக் காலம் வரை அவை தூங்கும் என்றால் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்புரேட்டரை வற்றச் செய்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் மெஷின்களுக்கு ஆயில் கலந்த பெட்ரோலை மொத்தமாகக் கலந்து கேனில் மாதக்கணக்கில் வைக்காமல், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.